பெட்டிக்குக் கீழே ஒரு வாளி

ஓடையூர் சர்க்கரை ஆலையின் பழைய கம்ப்யூட்டர் இரும்பு விலைக்குப் போய், உருகி, யார் வீட்டு ஜன்னல் கம்பியாகவோ ஆகி, ஊரே அதை மறந்துபோய் எத்தனையோ வருஷம் கழித்து, மங்கையர்க்கரசியின் சாப்பாட்டு மேஜைமேல் இருந்த லேப்டாப்புக்குள் மறுபடி உயிர்பிடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கறுப்பாக ஒழுகத் தொடங்கியது.

முதல் சொட்டைக் காப்பி என்று நினைத்துத் துடைத்தாள். மறுபடி சொட்டியது. விரலில் ஒட்டிக்கொண்டதை மூக்கருகே கொண்டுபோனபோது, புளித்த கரும்புச்சாறும் செத்த எலியும் துவைக்காத காக்கிச் சட்டையும் ஒன்றாய்க் கலந்தாற்போல் ஒரு நாற்றம் அடித்தது. ஆலை ஓடிய காலத்தில் சாக்கடையில் விடும் கழிவுப்பாகு அது. அரசி பெரிய சுத்தக்காரி. சென்னைக் கம்பெனிகளில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியே தலை நரைத்து, விருப்ப ஓய்வு பெற்று, தனியாக இருந்த அம்மாவோடு வந்து சேர்ந்தவள், வந்தவர் தொட்ட கதவுப் பிடியைக்கூட அவர் தெருமுனை தாண்டுவதற்குள் துடைத்துவிடுவாள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே எங்கும் ஈரமில்லை, ஆனால் நிமிர்த்தி வைத்ததும் விட்ட இடத்திலிருந்து சொட்டியது.

அவள் அதற்குள் கட்டியிருந்தது ஒரு எமுலேட்டர். அதாவது புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் வேஷம் கட்டி ஆடவைப்பது, ஆட்டம் பிசகாமல் இருந்தால் பழையது செய்ததையெல்லாம் அதன் கோணல்களோடு இதுவும் செய்யும். அந்தப் பழையதற்கு மார்விக் என்று பெயர். எந்த நாட்டிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கு மட்டும் செய்து, பிறகு கம்பெனியே இருந்த தடம் தெரியாமல் போய்விட்டது. பேரைச் சொல்ல நாக்கு வளையாத ஓடையூர்க்காரர்கள் அதைப் பெட்டி என்றார்கள். யார் வயல் கரும்பை எந்தத் தேதியில் வெட்டி ஆலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற வெட்டு உத்தரவைப் பெட்டிதான் போட்டது. உத்தரவு வராமல் வெட்டினால் ஆலை வாங்காது. உத்தரவு தாமதமானால் கரும்பு பூத்து, காய்ந்து, சக்கையாகி, விறகுக்குக்கூட ஆகாது. வயிற்றெரிச்சலோடு கேட்கப் போகிறவனிடம் ஆபீசில் எல்லோரும் சொன்னது ஒரே பதில்தான், பெட்டி சொல்லிடுச்சு, நாங்க என்னா பண்றது.

அரசியின் அப்பா தாண்டவராயனுக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது. முதல் பட்டத்தில் நட்ட கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வெட்டு வரும் வெட்டு வரும் என்று பார்த்திருந்து, சித்திரை வெயிலில் நின்றபடியே காய்ந்தது. ஒரு சாயங்காலம் தன் வயலுக்குத் தானே தீ வைத்துவிட்டு, கரி படிந்த கையோடு வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே நுழையாமல் திரும்பி, விழுப்புரம் பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். போனவர் வரவில்லை. அரசிக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. அந்த நாளிலிருந்து அவளுக்கு மிஞ்சியது இரண்டு ஞாபகம். வாசலில் அப்பாவின் கால்களில் ஒட்டியிருந்த சாம்பல் ஒன்று. அன்றைக்கு அம்மா சுட்டுத் தந்த கறுப்புப் பணியாரத்தின் ருசி இன்னொன்று. அப்படி ஒரு இனிப்பை வாழ்நாளில் பிறகு அவள் தின்றதில்லை. சென்னையில் எந்தக் கடை வெல்லம் வாங்கினாலும் அதே நினைப்புதான். லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்பாள், அம்மா பச்சையம்மாளும் ஒவ்வொரு தடவையும், அந்த வெல்லம் இப்பக் கெடைக்காது கண்ணு என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆலை மூடி ஊர் களையிழந்து போனாலும் ஆலை ஊழியர் சங்கம் மட்டும் மூடவில்லை. அதன் தலைவர் விருத்தகிரி, அந்தக் காலத்தில் கரும்பு ஆபீசராக இருந்தவர், இன்றைக்கும் கஞ்சி மொடமொடக்கிற வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக நடமாடுகிறவர், பெட்டி ஊருக்கு வந்ததன் பொன்விழா கொண்டாடப் போகிறோம், கம்ப்யூட்டர் படித்த பெண் நீ, அதைத் திரும்ப ஓடவைத்துக் காட்டு என்று கேட்டபோது, அரசி உடனே சரி என்றாள். விழாவுக்காக இல்லை. அப்பாவின் கரும்பைக் காயவிட்டது பெட்டியா, மனுஷனா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பெட்டி என்றால் ஒரு கணக்குப் பிழை என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். மனுஷன் என்றால் அவன் வாயாலேயே ஊர் நடுவில் சொல்லவைக்க வேண்டும்.

ஆனால் மார்விக்கைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருந்தது கையளவுதான். கறையான் முக்கால்வாசி தின்றுபோட்ட ஒரு கையேடு, சங்க ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த ஒரு பெரிய போட்டோ, அப்புறம் அந்தப் பெட்டியை ஓட்டிய ஆபரேட்டர் ஆரோக்கியசாமி வீட்டில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே தோரணமாகத் தொங்கிய, ஓட்டை ஓட்டையாய்ப் போட்ட காகித டேப். அந்த டேப்பைக் கேட்டு வாங்கி, ஜிகினாவைச் சுரண்டி, ஓட்டைகளைப் படித்தபோது, அது அப்பா ஊரைவிட்டுப் போன பருவத்தின் வயல் விவரம் என்று தெரிந்தது. அரசி கையேட்டில் இருந்ததைக் கையேட்டிலிருந்து எடுத்தாள், இல்லாததைப் போட்டோவை உற்று உற்றுப் பார்த்து எடுத்தாள், போட்டோவிலும் இல்லாததை ஆரோக்கியசாமியின் வாயிலிருந்து பிடுங்கினாள், பிடுங்க முடியாததை ஊகித்து எழுதி, தப்பாகி, அழித்து, மறுபடி எழுதினாள். கடைசியில் பெட்டி ஓடியது. டேப்பை விழுங்கி, யோசித்து, வெட்டு வரிசையைத் திரையில் போட்டது. தாண்டவராயன் வயல் முதல் வரிசையில், முதல் பேராக நின்றது.

அப்படியென்றால் மாற்றியது மனுஷன்தான். ஆரோக்கியசாமியின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"டேப்பு ஓடுனதும் அப்படியே அச்சடிச்சுட மாட்டோம் பாப்பா. ஆபீசர் வருவாரு. வலது பக்கம் ஒரு செவப்பு சுவிச்சு இருக்கும், அத அழுத்திக்கிட்டு எந்த நம்பர் எங்க போவணும்னு தட்டுவாரு. அப்பறந்தான் அச்சு."

"இத்தனை நாளா கேக்கறேனே மாமா, ஏன் சொல்லல?"

"நீ சுவிச்சப் பத்திக் கேக்கலையே."

அந்த மழுப்பல் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. போட்டோவில் பார்த்தாள், சுவிட்ச் இருந்தது. வீட்டுக்கு வந்து அதையும் கீபோர்டில் ஒரு பொத்தானாக எழுதிச் சேர்த்தாள். சேர்த்துவிட்டு, அன்றைக்கு நடந்தது இப்படித்தானே என்று சுவிட்சை அழுத்தி, அப்பாவின் நம்பரை அடியில் தள்ளிய அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் பெட்டி ஒழுகியது.

பிசுபிசுத்த கையோடு மறுபடி ஓடினாள். ஆரோக்கியசாமி அவள் கையைப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"வாளி வெக்கலையா?" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சங்க ஆபீஸ் போட்டோவில் பெட்டிக்குக் கீழே ஒரு தகர வாளி இருந்தது. ஓட்டுக்கூரை ஒழுகலுக்கு வைத்தது என்று அவள் நினைத்திருந்தாள். பெட்டியின் ஒவ்வொரு ஒயரையும் கேட்டுக் கேட்டு எழுதியவள், எல்லோர் கண்முன்னும் இருந்த வாளியைப் பற்றி ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்பவும் ஒழுவுமா?"

"சும்மா ஓடுனா ஒழுவாது. சுவிச்ச அழுத்துனாத்தான். ஆபீசர் வர்ற அன்னிக்கு வாளி ரொம்பிடும்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது?" என்றார் ஆரோக்கியசாமி, உண்மையிலேயே புரியாமல்.

விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, பெட்டி வந்துடுச்சாம், ஒழுவுதாம் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். வேற்றூரில் நடந்திருந்தால் பத்திரிகைக்காரன் வந்திருப்பான், பூசாரி வந்திருப்பான், விஞ்ஞானி என்று எவனாவது மூக்குக்கண்ணாடியோடு வந்திருப்பான். ஓடையூரில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள், மேஜைக்குக் கீழே சரியான இடம் பார்த்து வைத்தாள், மாட்டுக்குக் குடுத்தா நல்லாக் கறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். விருத்தகிரி வந்தார். சுட்டுவிரலைப் பாகில் தோய்த்து நக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

"அதேதான். அசல். கெட்டிக்காரி பாப்பா நீ," என்றார்.

அரசி எழுந்து வெளியே போனாள். கிணற்றடிக்குப் போய்த்தான் மூச்சு விட்டாள். டேப் அவள் வீட்டில் இருப்பதும் அதில் எந்த வருஷம் இருக்கிறது என்பதும் விருத்தகிரிக்குத் தெரியாது. விழா அன்றைக்கு ஊரும் ஆபீசரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது அதை ஓட்டிக் காட்டுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகவேண்டும்.

பொறுத்துப் போவது என்றால் லேசா? லேப்டாப்பைச் சங்கத்துச் சமுதாயக் கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். வெட்ட இப்போது கரும்பு இல்லை, ஆனால் வரிசை என்பது ஒன்றுக்கா இரண்டுக்கா வேண்டியிருக்கிறது. தண்ணீர் லாரி முதலில் எந்தத் தெருவுக்கு, தேரில் முதல் மரியாதை எந்த வகையறாவுக்கு, முகூர்த்த நாளில் கூடம் யார் கல்யாணத்துக்கு, அரசாங்கத் தொகுப்பு வீடு யாருக்கு முன்னால் என்று எல்லாவற்றையும் பெட்டியிடம் கேட்கத் தொடங்கினார்கள். பெட்டி நேர்மையாக ஒரு வரிசை போடும். பிறகு விருத்தகிரி வருவார், இல்லை அவருக்கு வேண்டியவர் வருவார், சுவிட்சை அழுத்துவார், தட்டுவார், வாளி நிரம்பும். வரிசையில் கீழே தள்ளப்பட்டவன் கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பான். அப்புறம் பெட்டி சொல்லிடுச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அப்படிப் போகவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் பாகு ஊரெல்லாம் புழங்கியது. மாட்டுத் தொட்டியில் கலந்தார்கள், தென்னைக்கு ஊற்றினார்கள், சாராய ஊறல் போடுகிறவன் குடத்தோடு வந்தான், இட்லிக் கடைக்காரன் வடிகட்டி ஆப்பத்துக்கு ஊற்றினான். ஈ மொய்த்தது, ஈ மொய்த்த இடத்தில் புழு நெளிந்தது, புழுவை விரலால் ஒதுக்கிவிட்டுக் கிண்ணத்தில் மொண்டார்கள். பஸ்ஸில் ஏறினால் கம்பி ஒட்டியது. கோயில் விபூதித் தட்டு ஒட்டியது. கல்யாண வீட்டில் கைகுலுக்கினால் பிரிக்க வேண்டியிருந்தது, பிரித்துக்கொண்டு சிரித்தார்கள். அரசி ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. எல்லாவற்றையும்விட அவளை அருவருக்க வைத்தது ஊரில் வந்துவிட்டிருந்த அமைதிதான். தண்ணீர் லாரியில் குடத்தால் அடித்துக்கொண்ட தெருக்கள் சிரித்துப் பேசிக்கொண்டன. சண்டை சச்சரவு இல்லாமல் பஞ்சாயத்து நடக்குது பாருங்க, எல்லாம் அரசி புண்ணியம் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே வாந்தி வந்தது. பச்சையம்மாளோ, அந்த வாசம் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளாமல், என்னவோ யோசனையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பொன்விழா நாள் வந்தது. சமுதாயக் கூடத்தில் வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு போட்டு, மேடையில் சிவப்புக் கம்பளம் விரித்து, பெட்டிக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி முதல் வரிசையில். அம்மா பெண்கள் பக்கம், மடியில் விருந்துச் சாப்பாடு வாங்கிப்போகக் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கோடு. அரசி எல்லோருக்கும் முன்னாலேயே வந்து, மேஜைக்குக் கீழே இருந்த வாளியை எடுத்துப் பின்கட்டில் மறைத்திருந்தாள். விருத்தகிரி வரவேற்றுப் பேசி, கைதட்டல் வாங்கி, பெட்டியை ஓட்டும்படி அவளைக் கூப்பிட்டார். அவள் டேப்பின் பருவத்தைச் சொன்னாள். கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பெட்டி ஓடியது. பெரிய திரையில் முதல் பேராகத் தாண்டவராயன் பேர் வந்தது.

"இது எங்க அப்பா," என்றாள் மைக்கில். "பெட்டி இவரைத்தான் முதல்ல போட்டிருக்கு. ஆபீசர் ஐயா, அன்னிக்கு என்னா செஞ்சீங்களோ அத இப்ப எல்லாரும் பாக்கச் செஞ்சு காட்டுங்க."

அவர் மழுப்புவார், கோபித்துக்கொண்டு போவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார் என்று அவள் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். விருத்தகிரி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டு விரலால் சுவிட்சை அழுத்தினார், மறந்துபோகாத விரல்கள், தட்டின. தாண்டவராயன் பேர் இறங்கி இறங்கி அடிக்குப் போயிற்று, விருத்தகிரியின் மச்சினன் பேர் மேலே ஏறிற்று. பெட்டி ஒழுகியது. ரோஜா மாலையில் இறங்கி, மேஜையில் பரவி, சிவப்புக் கம்பளத்தில் கறுப்பாக வழிந்து, மேடையிலிருந்து முதல் வரிசைச் செருப்புகளுக்குள் சொட்டியது. உட்கார்ந்திருந்தவர்கள் பதறவில்லை. காலைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு கூடம் முழுவதும் ஒரே குரலாகக் கேட்டது.

"வாளி எங்க?"

"வாளி கெடக்கட்டும்!" அரசி கத்தினாள். "எங்க அப்பா நம்பர மாத்துனது இவருதான். பாத்தீங்கல்ல? அவரு கரும்பு காஞ்சது இவராலதான். கேக்க மாட்டீங்களா?"

"நாந்தான்மா மாத்துனேன்," என்றார் விருத்தகிரி, வாய் கூசாமல், மைக்குக்காகக் கொஞ்சம் குனிந்து. "நான் இல்லைன்னு எப்பவாச்சும் சொன்னேனா? மாத்துனேன். வாளிய உங்க வூட்டுக்கு அனுப்பி வெச்சேன். வழக்கம் தப்பல."

"அனுப்புனாரு," என்றார் ஆரோக்கியசாமி. "நாந்தான் தூக்கியாந்தேன். அன்னிக்கு ரெண்டு வாளி."

"அனுப்புனாங்கல்ல," என்று கூடம் முழுக்கத் தலையாட்டியது, விஷயம் தீர்ந்ததுபோல. ஒருத்தரும் அவள்மேல் கோபப்படவில்லை. சின்னப்பிள்ளை தெரியாமல் கேட்டதற்குப் பெரியவர்கள் பொறுமையாகப் பதில் சொன்ன மாதிரிதான் எல்லோருடைய முகமும் இருந்தது. அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து பச்சையம்மாள் எழுந்து, தூக்கின் மூடியைத் திறந்துகொண்டு, மெதுவாக மேடைக்கு வந்தாள். கம்பளத்து ஓரத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, வழிகிற பாகுக்கு நேராகத் தூக்கைப் பிடித்தாள்.

"அம்மா! என்னா பண்ற? எழுந்திரு!"

"வீணாப் போவுதே," என்றாள் பச்சையம்மாள்.

"அன்னிக்கு... அந்த வாளிய நீ வாங்கிக்கிட்டியா?"

"வாங்காம? உங்க அப்பா எட்டி ஒதைக்கப் போனாரு. நாந்தான் காலப் புடிச்சுக்கிட்டேன். பானையில ஊத்தி மூடி வெச்சேன். கரும்பு காஞ்சு அவரு கொளுத்தப் போன அன்னிக்கு வூட்ல ஒரு பிடி மாவுதான் இருந்துச்சு. நீ காலையிலேருந்து பசி பசின்னு அழுவுற." அம்மா தலை நிமிரவில்லை. தூக்கு நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வடிகட்டி, காய்ச்சி, அதுலதான் பணியாரம் சுட்டேன். நீ வருசா வருசம் கேப்பியே, கறுப்புப் பணியாரம். உங்க அப்பா வயலக் கொளுத்திட்டு வாசல்ல வந்து நின்னாரு. நீ தின்னுக்கிட்டு இருந்த. நல்லாருக்கா பாப்பான்னு கேட்டாரு."

"நான் என்னா சொன்னேன்?"

"இன்னொண்ணு குடுன்னு என்கிட்ட கைய நீட்டுன. அப்பறந்தான் அவரு திரும்பிப் போனாரு."

அரசி மேடைக்குப் பின்னால் ஓடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இத்தனை நாள் உள்ளே அடக்கி வைத்ததையெல்லாம் வாந்தியெடுக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கூடத்துக்குள்ளிருந்து அந்த நாற்றம் கிளம்பி, கதவைத் தாண்டி, அவள் மூக்குக்கு வந்தது. புளிப்பு, செத்த எலி, காக்கிச் சட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காய்ச்சின வெல்லத்தின் வாசம் இப்போது தனியாகப் பிரிந்து தெரிந்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் எச்சில் ஊறியது.